படுக்கைப் புண்: குற்றவாளிக் கூண்டில் நர்ஸ் மட்டும்தானா?

(கள்ளக்குறிச்சியில் நர்ஸ்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் கல்வராயன் மலைத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேச ஒரு கட்சிக்காரன் ஏன் எழுந்து நிற்கிறான் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பட்டா, வனத்துறைக் கெடுபிடி, கரும்புப் பணம், ரோடு, ரேஷன் ஆகியவைதான் நமக்குப் பழக்கமான விஷயங்கள். நான் டாக்டரல்ல, பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே நான் சொல்லப்போகும் மருத்துவ விஷயங்கள் நர்ஸ்களிடம் கேட்டும் புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டவை. எங்கேயாவது தடுமாறினால் முன்னால் அமர்ந்திருக்கும் சகோதரிகள் எழுந்து திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தப் புண்ணைக் கொண்டுவருவது கொசுவல்ல, கெட்ட காற்றல்ல. ஒரு மனிதனை ஒரே பக்கமாக மணிக்கணக்கில் போட்டு வைப்பதுதான் இதற்குக் காரணம். திருப்பிப் போட ஆள் இல்லாமல் செய்தது யார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டால், அது அரசியல் அல்லாமல் வேறென்ன?

புண் வருவது எப்படி?

நம் உடம்பில் எலும்பு மேடாக நிற்கும் இடங்கள் உண்டு. முதுகுத்தண்டு முடியும் இடம், இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, முழங்கை, பின்மண்டை. படுத்திருக்கும்போது மேலே எலும்பு, கீழே கட்டில். நடுவில் சதையும் தோலும் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டுப்போகின்றன. ரத்தம் போகாத சதை பட்டினி கிடந்து சாகிறது. நீங்களும் நானும் தூக்கத்திலேயே அறியாமல் புரண்டு படுக்கிறோம். உடம்பின் உறுத்தல் நம்மைப் புரட்டிவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கும், முதுகெலும்பு முறிந்தவருக்கும், நினைவிழந்தவருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. புரளவும் முடியாது, பலருக்கு வலியே தெரியாது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. எலும்பை ஒட்டிய ஆழச் சதை பல நேரங்களில் முதலில் செத்துவிடும். தோல் கடைசியில்தான் உடையும். மேலே ரூபாய்க் காசு அளவு நிறம் மாறியிருக்கும். உள்ளே கை நுழையும் பள்ளம் உருவாகியிருக்கும். 2016ல் அமெரிக்காவில் இத்துறை நிபுணர் குழு ஒன்று ‘அழுத்தப் புண்’ என்ற பெயரையே விட்டுவிட்டு ‘அழுத்தக் காயம்’ என்று மாற்றிக்கொண்டது. தோல் உடைந்து புண்ணாவதற்கு முன்பே காயம் ஆரம்பித்துவிடுகிறது என்பதே அதன் பொருள். மூத்திரத்திலும் வியர்வையிலும் ஊறிய தோல் சீக்கிரம் உடைகிறது. தலைமாட்டை உயரத் தூக்கி வைத்தால் நோயாளி கால்மாட்டை நோக்கிச் சரிகிறார். தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு இழுபட்டு ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்கின்றன. சத்தில்லாத உடம்பில் இவை எல்லாமே இன்னும் வேகமாக நடக்கும்.

உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேருக்கு இந்தக் காயம் இருக்கிறது என்று 2020ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு கணக்குச் சொன்னது. பணக்கார நாடுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கடுக்காய் மரத்திலிருந்து விழுந்தவர்

மலையில் எனக்குத் தெரிந்த ஒரு தோழர். கடுக்காய் உலுக்க மரமேறி விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. துணியில் தூளி கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்; அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். பதினொராவது நாள் நான் பார்க்கப் போனபோது அவருக்கு முதுகின் அடியில் புண். ஆபரேஷன் சுத்தமாக முடிந்திருந்தது; டாக்டர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் மனைவி என்னிடம், “வந்தப்ப முதுகுல ஒண்ணுமில்லீங்க சாமி. இவங்கதான் பாக்கல” என்றார். வார்டு நர்ஸோ, “பொரட்டிப் போடுங்கன்னு சொன்னேன். அந்தம்மாதான் செய்யல” என்றார். பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது எல்லார் முன்னாலும் நர்ஸைத் திட்டினாராம்.

அந்தச் சகோதரி பிறகு வராந்தாவில் நின்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “அண்ணே, அன்னிக்கு நைட் 46 பேஷண்ட்டுக்கு நான் ஒருத்தி. ஊசி போட்டு முடிக்கவே விடிஞ்சிருச்சு.”

அவர் புண்ணோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நான்கு மாதம் பாயில் கிடந்து, காய்ச்சல் கண்டு, இறந்துபோனார். அவரைக் கொன்றது முதுகெலும்பு முறிவல்ல, புண்தான். பெண்டாட்டி நர்ஸைச் சொல்கிறாள். நர்ஸ் பெண்டாட்டியைச் சொல்கிறாள். டாக்டர் நர்ஸைச் சொல்கிறார். இந்த மூவரில் யாருமே சம்பளப் பட்டியலையோ பணியிட எண்ணிக்கையையோ தீர்மானிக்கிறவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

நூற்றைம்பது வருஷத்து வழக்கு

இந்த வழக்கு இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. நர்ஸ் தொழிலின் தாய் என்று போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் எழுதிய நூலில், படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயினுடையதல்ல, பராமரிப்பினுடையதே என்ற கருத்தைச் சொன்னார். அதே நூற்றாண்டில் பாரிஸில் ஷார்கோ என்ற பெரிய நரம்பு வைத்தியர் நேர் எதிராகச் சொன்னார்: நரம்பு கெட்டதால் புண் வருகிறது, தடுக்க முடியாது. இவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ‘இது வரத்தான் செய்யும்’ என்று கைவிரிக்கப் பல டாக்டர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. உண்மையில் அதற்கு முன்பே, 1853ல், பிரவுன்-செக்கார் என்ற விஞ்ஞானி தண்டுவடம் துண்டிக்கப்பட்ட சீமைப்பெருச்சாளிகளை வைத்துப் பரிசோதித்துப் பார்த்திருந்தார். அழுத்தமும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நரம்பு அறுந்திருந்தும் புண் வரவில்லை! நிரூபணம் கையில் இருந்தும் உலகம் ஷார்கோவின் பின்னால் போனது.

விளைவு என்ன? முதல் உலக யுத்தத்தில் முதுகெலும்பில் குண்டடிபட்ட சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில், சில மாதங்களில் செத்தார்கள். ஒன்று படுக்கைப் புண், இன்னொன்று மூத்திரப் பையில் சீழ். இரண்டாவது யுத்தத்தின்போது, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939ல் தப்பி வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், 1944ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு வார்டைத் தொடங்கினார். அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல், ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதைச் செய்யத் தேவையான ஆட்களையும் வைத்துக்கொண்டார். சாவார்கள் என்று கைகழுவப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1948ல் அவர்களை வைத்து அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆயிற்று.

1962ல் டோரீன் நார்டன் என்ற ஆங்கில நர்ஸும் அவருடைய சகாக்களும் முதியோர் வார்டுகளில் நடத்திய ஆராய்ச்சி இன்னும் நேரடியானது. எந்தத் தைலம், எந்தக் களிம்பு தடவினால் புண் வராது என்று அன்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நார்டன் குழு அளந்து பார்த்தது. பலன் தந்தது தைலமல்ல, ஒழுங்காகத் திருப்பிப் போடுவதே என்று தெரிந்தது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறையையும் அவர்கள் தந்தார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலம் அடக்கும் சக்தி என்று ஐந்து; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை; மொத்தம் 20ல் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. 1987ல் வெளிவந்த பிரேடன் அளவுகோலைத்தான் இப்போது பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆறு அம்சங்கள். நார்டன் ஒரு நர்ஸ் என்பதை நம் சகோதரிகள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் உதாரணம் இல்லாமலில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்ட நோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966ல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் வந்தது. அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், குஷ்ட நோயாளியின் விரலும் பாதமும் அழிவதற்குக் காரணம் கிருமி சதையைத் தின்பதல்ல, வலி தெரியாததால் அடிபட்டும் அழுந்தியும் புண்ணாவதே என்று காட்டினார். வலியில்லாத உடம்புக்கு இன்னொருவர் வலியாக இருந்து காவல் காக்க வேண்டும் என்ற உண்மை இங்கிருந்து நூறு மைல் தொலைவுக்குள் கண்டறியப்பட்டதுதான்.

மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

நர்ஸ் சகோதரிகளே, உங்கள் பக்கம் நின்று பேச வந்தவன் நான். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சில வார்டுகளில் இன்னும் பழைய வழக்கங்கள் நடக்கின்றன. சிவந்த இடத்தில் ஸ்பிரிட் தடவித் தேய்ப்பது. பவுடரை அள்ளிக் கொட்டுவது. குதிகாலுக்கடியில் கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பது. உட்காரவும் படுக்கவும் ரப்பர் வளையம் கொடுப்பது. இவை எல்லாம் தவறு என்று இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிவந்த இடத்தின் அடியில் ஏற்கெனவே நைந்த சதை இருக்கிறது. தேய்த்தால் இன்னும் சிதையும். வளையம் நடுவே இடம் விட்டாலும், சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை மறித்துவிடுகிறது. குதிகாலைக் காப்பாற்ற வேண்டுமானால் கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் நிற்கச் செய்ய வேண்டும். முழுப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பு எலும்பு அழுந்துகிறது. முதுகுக்கு அண்டை கொடுத்து 30 டிகிரி சாய்த்துப் போட்டால் போதும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் நமக்காக எழுதி வைக்கவில்லை. புத்தகத்தில் ‘தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது, அதுவே முதல் நிலை’ என்று போட்டிருக்கிறது. யாருடைய தோல் சிவக்கும்? வெள்ளைக்காரன் தோல் சிவக்கும். வெயிலில் கருத்த நம் மலைத் தோழரின் முதுகில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அங்கே தோல் இன்னும் கருத்தோ ஊதா பாய்ந்தோ தெரியலாம். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும். தொட்டால் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கருத்த தோலில் முதல் நிலை தவறிப்போவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் நடக்கிறது. அங்கேயும் இதை எழுப்பிய பிறகுதான் பாடத்தில் இடம் கிடைத்தது.

அறிவு மட்டும் போதுமா?

ஒவ்வொரு வருஷமும் நம் நர்சிங் கல்லூரிகளில் இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. கேள்வித்தாள் கொடுத்து நர்ஸுக்குப் படுக்கைப் புண் பற்றி எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடுகிறார்கள். பிறகு வகுப்பு நடத்தி மறுபடி கேள்வித்தாள் கொடுத்தால் மதிப்பெண் ஏறியிருக்கும். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வார்டில் நேற்று இரவு எத்தனை பேருக்கு எத்தனை நர்ஸ் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அந்தத் தாளில் இடமிருப்பதில்லை.

பெல்ஜியம் நாட்டில் 14 ஆஸ்பத்திரிகளில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நர்ஸ்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2011ல் வெளிவந்தது. அறிவுத் தேர்வில் அவர்கள் சராசரியாகப் பாதி மதிப்பெண்தான் வாங்கினார்கள். பணக்கார ஐரோப்பாவில்! மனப்பாங்கை அளந்தபோது நூற்றுக்கு 71. புண் வரக்கூடிய நோயாளிகளில் முழுமையான தடுப்புப் பராமரிப்பு கிடைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். இன்னொன்றும் தெரிந்தது. அறிவு மதிப்பெண் அதிகமாக இருந்த வார்டில் பராமரிப்பு சிறந்திருந்தது என்று சொல்ல முடியவில்லை. மனப்பாங்கு நன்றாக இருந்த வார்டில்தான் சிறந்திருந்தது. அதாவது, இது என் வேலை, இதைத் தடுக்க முடியும், இது முக்கியம் என்று நினைக்கிறவர்கள் செய்தார்கள்.

இதைக் கேட்டதும் அதிகாரிகள் குதிப்பார்கள்: “பார்த்தீர்களா, ஆள் பிரச்னை அல்ல, நர்ஸின் மனப்பாங்குதான் பிரச்னை!” நான் கேட்கிறேன், மனப்பாங்கு வானத்திலிருந்தா விழுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 படுக்கை உள்ள ஒரு வார்டு. இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ஒரு நர்ஸ். தானாகப் புரள முடியாதவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஓர் இரவில் ஆளுக்கு ஆறு முறை. மொத்தம் 48 முறை. முதுகைப் பார்த்து, ஈரம் துடைத்து, விரிப்பின் சுருக்கம் நீக்கித் திருப்பிப் போட ஐந்து நிமிஷமாவது ஆகும். 240 நிமிஷம், நாலு மணி நேரம். அதுவும் ஒருவரால் முடியாது, இழுத்தால் தோல் உரியும். இரண்டு பேர் வேண்டும். மீதி 32 பேருக்கு ஊசி, டிரிப், புதிதாக வரும் கேஸ், கேஸ் ஷீட் எழுதுவது யார்? பத்து இரவு இப்படி வேலை செய்தவருக்குப் ‘புண் வரத்தான் செய்யும்’ என்ற எண்ணம் தானாக வந்துவிடும். ஷார்கோ நரம்பின் தலையில் போட்டதை நம் ஆஸ்பத்திரி நிர்வாகம் விதியின் தலையில் போடுகிறது.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதி என்ன? மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ். பொது ஆஸ்பத்திரியில் ஐந்துக்கு ஒருவர். லீவுக்கு 30 சதவீதம் கூடுதல். நம் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. சிறுவங்கூரில் கட்டிய மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் பளபளக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அலையலையாக வந்தவர்களைத் தாங்கியது கட்டடமல்ல. சாப்பிடாமல் தூங்காமல் ஓடிய நர்ஸ்களும் ஊழியர்களும்தான்.

அந்த நர்ஸ்களைச் சர்க்கார் எப்படி நடத்தியது? 2015ல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஐகோர்ட் தடை போட்டது. பிறகு ஊதியம் 14,000 என்றும் 18,000 என்றும் ஏறியதென்றால் அந்தப் போராட்டங்களால் ஏறியது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். நெருப்பை அணைத்தவனை நெருப்பு அணைந்த மறுநாள் வெளியே தள்ளுவதுதான் இது.

வெளிநாட்டு நிலவரம் ஒன்று. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போதெல்லாம், ஆபரேஷன் ஆனவர்கள் முப்பது நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்காவில் லிண்டா எய்க்கனும் அவர் குழுவும் 2002ல் கண்டார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் நர்ஸ் சங்கங்கள் போராடி, 2004லிருந்து நோயாளி – நர்ஸ் விகிதத்தைச் சட்டமாகவே அமலுக்குக் கொண்டுவந்தன. அதே அமெரிக்காவில் 2008 அக்டோபரிலிருந்து, ஆஸ்பத்திரியில் வந்த ஆழமான படுக்கைப் புண்ணுக்கான கூடுதல் செலவைத் தரமாட்டோம் என்று முதியோர் காப்பீட்டுத் திட்டம் சொல்லிவிட்டது. லாபத்தில் கை வைத்ததும் முதலாளிகளுக்குத் திடீரென்று முதுகுப்புறம் ஞாபகம் வந்தது!

இங்கே அதைப் பார்த்துச் சிலர், ‘புண் வந்தால் நர்ஸுக்கு மெமோ’ என்று யோசனை சொல்கிறார்கள். இதைக் கடுமையாக எதிர்க்க வேண்டும். மெமோ கொடுத்தால் புண் குறையாது. புண்ணை எழுதுவது குறையும். மறைத்த புண் ஆழமாகப் போகும்.

அதே நேரத்தில் நம் சங்கத்துச் சகோதரிகளிடமும் ஒரு வார்த்தை. ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் நோயாளி வார்டுக்குள் வந்தவுடன் முதுகையும் குதிகாலையும் ஒருமுறை பார்த்து எழுதி வைக்க இரண்டு நிமிஷம் போதும். ஷிப்ட் மாறும்போது ‘ஏழாம் கட்டில் இடது பக்கம் திரும்பியிருக்கிறார்’ என்று சொல்ல அரை நிமிஷம். எட்டுப் பேரையும் பார்க்க முடியாத இரவில், மதிப்பெண் போட்டு வைத்திருந்தால் மிக மோசமான மூன்று பேரையாவது பார்க்கலாம். எழுதி வைத்த காகிதம் கோரிக்கைக்கும் ஆதாரமாகும். ‘இன்று இரவு 48 முறை திருப்பியிருக்க வேண்டும், 11 முறைதான் முடிந்தது, காரணம், ஒருவரே டியூட்டி’ என்று ரிஜிஸ்தரில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அந்த ரிஜிஸ்தரைவிட வலுவான துண்டுப் பிரசுரம் எது?

மெத்தையும் ஒரு அரசியல்தான். நல்ல நுரை மெத்தையில் படுத்தவரை, அவர் நிலைமையைப் பொறுத்து, நாலு மணிக்கு ஒருமுறை திருப்பினாலும் போதும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. அதாவது ஒரு மெத்தை ஒரு நர்ஸின் பாதி உழைப்பை மிச்சப்படுத்துகிறது. நடுவில் குழி விழுந்த ரெக்சின் மெத்தையை மாற்றாமல் நர்ஸை மாற்றிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

மலைக்குப் போன பிறகு

மலைத் தோழர்களே, இனி உங்கள் பாட்டைப் பேசுவோம். கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து முழுசாகச் சர்க்கார் கைக்கு வந்தது 1976ல்தான். அது வரையில் கூலியில்லாத உழைப்பு. அதற்குப் பிறகும் ரோடும் ஆஸ்பத்திரியும் ஆமை வேகத்தில் வந்தன. 2024ல் சென்னை ஐகோர்ட் தானாகவே முன்வந்து மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரிக்க வேண்டிய நிலை இருந்தது. அதுவும் எப்போது? கீழே சாராயச் சாவு நடந்த பிறகு!

நம் ஆஸ்பத்திரிகளில் திருப்பிப் போடுவதும் துடைப்பதும் கூட இருப்பவர் வேலையாகவே விடப்பட்டிருக்கிறது. வெள்ளிமலை, சேராப்பட்டுப் பக்கமிருந்து வரும் ஒரு பெண் கணவனோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால், அங்கே மரவள்ளிக்காடு கேட்பாரற்றுப் போகிறது. பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஆளில்லை. அவள் சம்பளமில்லாத நர்ஸ். அவளுக்கு யாரும் எப்படித் திருப்புவது என்று காட்டிக் கொடுப்பதில்லை, ஆனால் புண் வந்தால் திட்டு மட்டும் உண்டு.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு நிலைமை இன்னும் கேவலம். மண் தரையில் கோரைப்பாய். மரவள்ளிக் கிழங்கில் வயிறு நிறையும். சதை வளரப் புரதம் கிடையாது. முட்டை, பருப்பு, நிலக்கடலை வேண்டும். எங்கிருந்து வரும்? வைத்தியம் தெரிந்தவர்கள் பச்சிலை அரைத்துக் கட்டுகிறார்கள். சிலர் டயர் டியூபை வளையமாக்கி உட்கார வைக்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் வளையம் வேண்டாம். பழைய போர்வைகளை மடித்து மொத்தமாகப் போடுங்கள். புண்ணைக் கழுவக் காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீர் போதும். காலையும் மாலையும் முதுகைத் தொட்டுப் பாருங்கள். உட்கார முடிந்தவர் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கட்டும்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அந்தத் திட்டத்தில் உண்டு. 2024ல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கிற்று. நல்ல திட்டத்தை நல்லது என்றே சொல்வோம். ஆனால் சமவெளியில் ஒரு நாளில் பத்து வீடு போகும் நர்ஸ் மலையில் மூன்று வீடு போனாலே பெரிது. ஜீப் போகாத ஊருக்கு நடக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கணக்கு வைப்பது சரியல்ல. பக்கத்துக் கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் பொதுமக்களும் சேர்ந்து தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 2008ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் அதை மாநிலக் கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்துக்கு ஒரு சமூக நர்ஸ் என்று வீடு வீடாகப் போகிறார்கள். ஊர் இளைஞர்கள் கூடவே போய்த் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டார்கள். மலையில் நம் வாலிபர்கள் அதைச் செய்ய முடியாதா?

நாம் கேட்பது பெரிய சொர்க்கமல்ல. ஒவ்வொரு வார்டு வாசலிலும் கரும்பலகையில் அந்த ஷிப்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று எழுதி வைக்க வேண்டும். புரள முடியாத நோயாளி உள்ள வார்டில் இரவு குறைந்தது இரண்டு பேர். தொகுப்பூதிய நர்ஸ்களுக்கு நிரந்தரமும் காலமுறை ஊதியமும். எலும்பு வார்டுக்கும் நரம்பு வார்டுக்கும் நுரை மெத்தை. முதுகெலும்பு முறிந்தவர் மலைக்குத் திரும்பும்போது மெத்தை கையோடு போக வேண்டும். கூட இருப்பவருக்குத் திருப்பக் கற்றுக்கொடுத்து, செய்து காட்டச் சொல்லி, பிறகுதான் அனுப்ப வேண்டும். மலைக்கென்று தனியாக வலி தணிப்பு நர்ஸும் வண்டியும். கூட இருப்பவருக்கு ஆஸ்பத்திரியிலேயே சாப்பாடு. மத்திய சர்க்கார் 2017 சுகாதாரக் கொள்கையில், 2025க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று தானே எழுதிக் கொடுத்தது. அந்தக் காலக்கெடு வந்தது, பணம் வரவில்லை. எழுதிக் கொடுத்ததைக் கேட்கிறோம்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். மாவட்ட ஆட்சியரிடமும் மருத்துவக் கல்லூரி முதல்வரிடமும் கொடுக்கப்போகிறோம். நர்ஸ்கள் கையெழுத்துப் போட்டால் பழிவாங்கப்படலாம் என்று ஒரு சகோதரி கேட்டார், நியாயமான பயம். அவர்கள் போட வேண்டாம். நோயாளிகளின் குடும்பத்தாரும் நாமும் போடுவோம். வார்டு வாரியாக ஆள் கணக்கை மட்டும் அவர்கள் நமக்குச் சொல்லட்டும்.

பேச்சு போதும். அந்தக் கட்டிலை மேடைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நம் வாலிபத் தோழர் ஒருவர் அதில் அசையாமல் படுத்துக்கொள்வார். இரண்டு சகோதரிகள் விரிப்பைப் பிடித்து அவரை இழுக்காமல் எப்படித் திருப்புவது, தலையணையை எங்கே வைப்பது என்று செய்து காட்டுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மலைத் தாய்மார்கள் முன்வரிசைக்கு வாருங்கள். முன்வரிசையில் இருக்கும் தோழர்கள் கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள்.